காப்பித்தூளை ஒளித்த ஞாயிறு

என் மகளுக்கு அடுத்த மாதம் புதுநன்மை. பூசையில் தரும் நற்கருணை அப்பத்தை முதல் முறையாக வாங்கப் போகிறாள். பள்ளி விட்டு வந்ததும் செபங்களை ஒப்பிக்கிறாள். அவள் தடுமாறினால் எனக்கு வியர்க்கிறது. போன வாரம் அப்படி ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா போகிற போக்கில் ஒன்று சொன்னாள். அன்றிலிருந்து என் ஒன்பதாவது வயதின் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் வந்தவள். ஓவர்லாக் டெய்லர். அப்பா அவிநாசிபாளையத்துக்காரர், அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அம்மா கிறிஸ்தவள், அப்பா இந்து. ஞாயிறு காலையில் அப்பா எங்களை டிவிஎஸ் ஐம்பதில் கொண்டுவந்து கோயில் கேட்டில் இறக்கிவிடுவார். பூசை முடியும்வரை எதிர் டீக்கடையில் பேப்பர் படிப்பார். அவருக்கும் கோயிலுக்கும் சண்டை ஒன்றுமில்லை. கேட்டைத் தாண்டியதில்லை, அவ்வளவுதான்.

அந்த வருடம் பதினோரு பிள்ளைகள் புதுநன்மைக்குப் படித்தோம். எல்லோருடைய வீட்டிலும் யாராவது ஒருவர் பனியன் கம்பெனியில் இருந்தார்கள். அதனால் எங்களுக்கு மறைக்கல்வி நடத்திய சிஸ்டர், ஆண்டவருக்கு ஆயத்தமாக இருப்பது என்றால் என்ன என்பதைக் கம்பெனியிலிருந்தே தொடங்கினார்.

"சரக்கு வாங்கற வெளிநாட்டு பையர் வர்ற அன்னைக்குக் கம்பெனியில என்னெல்லாம் பண்ணுவாங்க?"

"கக்கூஸ் கழுவுவாங்க சிஸ்டர்!"

"எல்லாத்துக்கும் புது மாஸ்க் குடுப்பாங்க சிஸ்டர். சாயங்காலம் திருப்பி வாங்கிக்குவாங்க."

ஒரு பையன் எழுந்து, "எங்கக்காளப் பின்கேட் வழியா வெளிய அனுப்பிருவாங்க" என்றான். அவன் அக்காவுக்குப் பன்னிரண்டு வயது.

சிஸ்டர் அவனை உட்காரச் சொன்னார். பிறகு, "இவருக்கு அப்படி எதையும் ஒளிச்சு வைக்க வேண்டாம். உள்ளது உள்ளபடி இருந்தாப் போதும்" என்றார்.

ஆனால் உள்ளது உள்ளபடி இருப்பதற்கும் விதிகள் இருந்தன. முதலில் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும், அதாவது தட்டிக்குப் பின்னால் இருக்கும் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லவேண்டும். நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலிருந்து தண்ணீரைத் தவிர எதையும் விழுங்கக் கூடாது. அப்பத்தில் பல் படக் கூடாது. எனக்கு மூன்றிலும் பிடித்தது இரண்டாவதுதான். ஏனென்றால் அது எனக்கு ஒரு பழைய குழப்பத்தைத் தீர்த்துவைத்தது.

எல்லோரும் நன்மை வாங்க எழுந்து போகும்போது அம்மா மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள். கால்களை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிடுவாள். ஏன் போகவில்லை என்று கேட்டால் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே பதில்தான்.

"காப்பி குடிச்சிட்டேம்ட்டி."

இப்போது புரிந்துவிட்டது. நான் எழுவதற்கு முன்பே குடித்துவிடுகிறாள். ஒரு டம்ளர் காப்பியை ஒரு மணி நேரம் தள்ளிப்போட முடியாத அம்மாவை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. முதல் பாவசங்கீர்த்தனத்தில், தம்பியை அடித்தது, சில்லறை எடுத்தது எல்லாம் சொல்லிவிட்டு, "எங்கம்மா ஒவ்வொரு வாரமும் காப்பி குடிச்சிடறாங்க ஃபாதர்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

தட்டிக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது.

"அது உன் பாவமில்லம்மா" என்றார் சாமியார். குரல் மாறியிருந்தது. "அம்மாவுக்காக வேண்டிக்கோ."

வேண்டிக்கொள்வதோடு நிறுத்த எனக்கு மனமில்லை. எங்கள் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுநன்மை வாங்கும் பிள்ளையின் தோளில் கை வைத்துக்கொண்டு அம்மாவோ அப்பாவோ பின்னால் வருவார்கள். பிள்ளை வாங்கியதும் அவர்களும் வாங்குவார்கள். அப்பா டீக்கடையில் இருப்பார். அம்மா வந்தே ஆகவேண்டும். அதற்கு அம்மா ஆயத்தமாக இருக்கவேண்டும்.

அந்த ஞாயிறு அம்மாவுக்கு முன்னால் எழுந்தேன். காப்பித்தூள் டப்பாவை எடுத்து, வீட்டில் நூல் பிசிறு வெட்டுவதற்காக வந்திருந்த பனியன் மூட்டைக்குள் கையை முழங்கை வரை விட்டுப் புதைத்தேன். பிறகு அம்மாவை விட்டு அகலவே இல்லை. அவள் டப்பாவைத் தேடவில்லை. அடுப்பையே பற்றவைக்கவில்லை. எனக்குத் தலைவாரி, அவளே தைத்த வெள்ளை ஃப்ராக்கைப் போட்டுவிட்டாள். கம்பெனியில் மீதியான இன்டர்லாக் பனியன் துணிதான், ஆனால் கழுத்தைச் சுற்றி லேஸ் வைத்திருந்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் உள்ளே போகவில்லை.

கோயிலில் எங்கள் வரிசை எழுந்தது. நான் பெஞ்சின் ஓரத்தில் நின்று அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"வாங்கம்மா."

"நீ போ ட்டி. சிஸ்டர் கூட வருவாங்க."

"நீங்கதான் வரணும். இன்னைக்கு நீங்க காப்பி குடிக்கல. எனக்குத் தெரியும், டப்பாவ நாந்தான் ஒளிச்சு வெச்சேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். முன் பெஞ்சில் ஒரு தலை திரும்பியது. அம்மா குனிந்து என் கையைத் தூக்கினாள். ஃப்ராக்கின் கைமடிப்பில் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பல்லால் கடித்து அறுத்தாள். எங்கள் தெருவில் எல்லோரும் செய்வதுதான். ஓயாமல் பிசிறு கடித்துக் கடித்து அம்மாவின் முன்பல்லில் சின்னதாக ஒரு வெட்டே விழுந்திருந்தது. தொண்டை ஏறி இறங்கியது.

"போச்சு. நூல முழுங்கிட்டேன். நீ போயி வாங்கிட்டு வா மக்கா."

எனக்கு வந்த கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. காலையிலிருந்து காத்த காவல் ஒரு அங்குல நூலில் போய்விட்டது. தோளில் சிஸ்டரின் கை விழுந்தது. நான் போனேன், நாக்கை நீட்டினேன், வாங்கினேன். ஆண்டவரிடம் அன்று நான் பேசியதெல்லாம் அந்த நூலைப் பற்றித்தான்.

"அன்னைக்கு அந்த நூல வேணும்னுதான் முழுங்குனேன்." வெங்காயம் உரித்துக்கொண்டே போன வாரம் அம்மா சொன்னது இதுதான். பிறகு மீதியையும் சொன்னாள். அவர்களுடைய கல்யாணம் ரிஜிஸ்தர் ஆபீசில் நடந்தது. கோயிலில் சாமியார் ஆசீர்வதித்து மந்திரிக்காத கல்யாணத்தில் வாழ்கிறவர்கள் நன்மை வாங்கக் கூடாது என்பது திருச்சபை ஒழுங்கு. கடைசியில் கோயிலில் மந்திரித்துக்கொள்ளும்வரை பத்து வருடம் அம்மா வாங்கவில்லை. அப்பாவிடம் இதைச் சொன்னதும் இல்லை. அம்மாவைக் கட்டிக்கொண்டதற்காக அவருடைய வீட்டில் ஏற்கெனவே பேச்சு நின்றுபோயிருந்தது. இதையும் எதற்கு அவர் தலையில் வைப்பது என்று இருந்துவிட்டாள். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் பச்சைத் தண்ணீரோடுதான் பூசைக்கு வந்திருக்கிறாள்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தோம். அப்பா ஜிலேபிப் பொட்டலத்தோடு வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏங் கண்ணு, இன்னைக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற?"

"அம்மாதாம்ப்பா. நூல முழுங்கிட்டாங்க. எங்கூட வரல."

"நூல முழுங்குனா வரக் கூடாதா?"

"எதையும் முழுங்கக் கூடாது. மத்த வாரமெல்லாம் காப்பி குடிச்சிட்டு வந்துடறாங்க. அதனாலதான் எப்பவுமே வாங்கறதில்ல."

அப்பா சிரித்தார். "நல்லாச் சொன்ன போ. ஞாயித்துக்கெழம ஊட்டுக்குத் திரும்பிப் போயித்தான கண்ணு அடுப்பே பத்த வெக்கறா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"வண்டிய எடுங்க. வீட்டுல போயிப் பேசிக்கிடலாம்" என்றாள் அம்மா.

"எத்தன வருசமா புள்ள?"

அம்மா தம்பியின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

அப்பா இறங்கி வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார். ஜிலேபியை என் கையில் கொடுத்தார். செருப்பை எங்கே கழற்றுவது என்று தெரியாமல் கேட்டருகிலேயே விட்டுவிட்டு, சாமியார் இருக்கும் பங்களாவைப் பார்த்து வெறுங்காலோடு நடந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மாவைக் காட்டிக்கொடுத்துவிட்டோம், அப்பா சாமியாரிடம் புகார் சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். பொட்டலத்தைத் தம்பியிடம் திணித்துவிட்டுப் பின்னால் ஓடி, அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"சின்ன நூல்தாம்ப்பா. இத்துனூண்டுதான். சொல்லாதீங்கப்பா."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் நிற்கவில்லை.