ஏழு நாள் சாமி

பர்மாவின் மாண்டலேயில் அரண்மனை அகழிக்குத் தெற்கே உள்ள அந்தச் சந்தில் மா ஓன் சீயின் குரல் கேட்காமல் யாருக்கும் பொழுது விடிந்ததில்லை. மீன்குழம்பு ஊற்றிய சேமியாவான மொஹிங்கா விற்பவள். வாடிக்கையாளரிடம் பரம சாது, வாயெல்லாம் புருஷனிடம்தான். ரிக்‌ஷா ஓட்டும் கோ ஞோ மாங் இருபத்திரண்டு வருஷமாக "யோவ்" என்ற ஒரே பெயரோடு குறையில்லாமல் வாழ்ந்துவந்தார்.

இந்தப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருநாளுக்கு ஏழு நாள் மட்டும் பிக்குவாகித் துவராடை உடுத்த ஆசை என்று அவளிடம் வந்து நின்றார். பெண்டாட்டி சம்மதிக்காமல் மடத்தில் சேர்க்க மாட்டார்கள்.

"போய்ட்டு வாய்யா. என் தொண்டைக்கும் லீவு," என்றாள்.

மறுநாள் பிட்சை வரிசையில் மொட்டைத் தலையும் வெறுங்காலுமாக அவர் வந்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, சோற்றை அள்ளிக்கொண்டு வாயைத் திறந்தாள். "யோ..." என்று வந்ததைக் கடித்து விழுங்கி, "சாமி" என்றாள். சந்தே சிரித்தது. அவர் மட்டும் தரையைப் பார்த்தபடி போய்விட்டார். மனுஷனுக்கு அப்படி ஒரு அழகு எங்கேதான் ஒளிந்திருந்ததோ!

ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு டோ டின் மியா பற்றவைத்தாள். "மந்திரம் கணீர்னு சொல்றாராம்டி. மழைக்காலம் முடியுற வரைக்கும் இருந்துட்டுப் போயேன்னு பெரிய சாமியே கேட்டாராம்."

காவி கட்டியவரைக் கையைப் பிடித்து இழுத்துவர முடியுமா? மறுநாள் மா ஓன் சீ பகல் சாப்பாட்டோடு மடத்துக்கு ஓடி, புருஷன் முன்னால் மூன்று முறை விழுந்து கும்பிட்டாள்.

"சாமி, கூரை ஒழுகுது, அடைக்கிறேன்னு போன வருஷம் அருளினீங்க. இன்னும் அருள் வரலைங்க. ரிக்‌ஷா டயரும் சாமியோட பார்வைக்காகக் காத்துக்கிட்டு இருக்குங்க."

சாமி விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்பா, அழுகையா என்று தெரியாமலே அவள் வீடு திரும்பினாள்.

எட்டாம் நாள் காலை சோற்றுக் குண்டானோடு வாசலில் நின்றாள். பிட்சை வரிசையில் அவர் வந்தால் மடத்தோடே போய்விட்டார் என்று அர்த்தம். ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். கடைசி முகமும் கடந்துபோனது. அவர் இல்லை.

பின்னால் ரிக்‌ஷா மணி அடித்தது. பழைய லுங்கியும் பளபளக்கும் மொட்டையுமாக அவர் நின்றார்.

ஆயிரம் திட்டு சேர்த்து வைத்திருந்தவள் வாயிலிருந்து, ஏழு நாள் பழக்கத்தில், "வாங்க சாமி" என்றுதான் வந்தது.

அவர் முகம் வாடிப்போனது. "அடியே, நான்தான்டி. பெரிய சாமி இருக்கச் சொன்னாரு. என்னைத் திட்ட அங்க ஆளில்லைன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இப்ப நீயும் இப்படிக் கூப்பிட்டா நான் எங்கடி போவேன்?"

மா ஓன் சீக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தனம் பூசிய கன்னத்தில் கோடு கோடாக வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள்.

"யோவ், மொட்டைத் தலையோட வெயில்ல ஏன்யா நிக்கிற? உள்ள வா."