பெரிய வோட்டு

காரணமில்லாமல் ஒருவர் நல்லது செய்வார் என்பதைப் பூரணி நம்புவதில்லை. பாரிசின் லா சப்பலில் ஒரு சேலைக் கடையின் பின்னறையில் சாறிச் சட்டை தைப்பவள் அவள். துணி கொண்டுவருபவர் ஒரு மீற்றர் என்று சொன்னாலும் விரித்து அளந்துபார்த்துத்தான் வாங்குவாள்.

2017 ஆனியில் ஜிஸ்லேன் தொலைபேசியில் அழைத்தாள். பூரணி குடியிருக்கும் புறநகரின் நகரசபை உறுப்பினர் அவள். செனட் தேர்தலில் வாக்களிக்கச் சபை அனுப்பும் பிரதிநிதிகளில் பூரணியின் பெயரையும் போடலாமா என்று கேட்டாள்.

"ஏன் நான்?"

"உங்களுக்கு நிறையப் பேரைத் தெரியும், மதாம்."

பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயர் தேவைப்படுகிறது என்றுதான் பூரணியின் காதில் விழுந்தது. ஆனாலும், உள்ளே என்னதான் நடக்கிறதென்று பார்ப்போமே என்று சம்மதித்தாள்.

பிரான்சில் செனட்டர்களைச் சனம் நேரே தெரிவு செய்வதில்லை. பெரும்பாலும் ஊர்ச்சபை உறுப்பினர்களும் சபைகள் அனுப்பும் பிரதிநிதிகளுமே வாக்களிப்பார்கள். அவர்களைக் 'கிறான் எலெக்தேர்' என்பார்கள். பக்கத்துக் கடையில் பூ விற்கும் தயாளினி அதைப் 'பெரிய வோட்டுக்காறி' என்று தமிழாக்கித் தெரு முழுக்கப் பரப்பினாள்.

அன்றோடு பின்னறையில் பேச்சு வற்றிவிட்டது. அளவெடுக்கக் கையைத் தூக்கியதுமே புருசன், மாமியார், விசா என்று கொட்டும் பெண்கள் இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிலர் துணியை வேறு தையல்காரியிடம் கொண்டுபோனார்கள்.

"என்னடி தந்தவங்கள்?" என்று தயாளினி கேட்டாள்.

"ஒண்டுமில்லை."

"சனத்தின்ரை வோட்டை எடுத்து உன்ரை கையிலை தந்திருக்கிறாங்கள். சும்மா தருவாங்களோ?"

ஒருநாள், ஓல்னே என்ற இன்னொரு புறநகரில் இருந்து சட்டை தைப்பிக்க வரும் தவநாயகி தன் வாக்காளர் அட்டையைத் தையல் மெசினில் வைத்தாள்.

"என்ரையையும் சேர்த்துப் போடுங்கோ அக்கா."

"எனக்கும் ஒரு வோட்டுத்தான் பிள்ளை. இது அங்கை செல்லாது."

"பிறகென்ன பெரிய வோட்டு? எங்கட எல்லாற்றையும் உள்ளுக்கை வைச்சதாலைதானே அது பெரிசு?"

நக்கலடிக்கிறாளோ என்று பூரணி அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். நக்கல் இல்லை.

புரட்டாதியில் வேட்பாளர் பட்டியல்கள் தபாலில் வந்தன. பின்னாலேயே ஜிஸ்லேனும் அழைத்தாள்: "எங்கள் பட்டியல் எதுவென்று தெரியும்தானே?" நினைத்தது சரிதான் என்று பூரணி பல்லைக் கடித்தாள். வந்த பெண்களிடம், "நீங்களெண்டால் ஆருக்குப் போடுவியள்?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"கேட்டுச் சொல்லச் சொன்னவையோ?" என்று திருப்பிக் கேட்டார்களே தவிர ஒருவரும் ஒரு பெயரையும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, வாக்களிப்பு நடந்த பொபினியில், திரை மறைவில் தனியாக நின்று, ஜிஸ்லேனின் பட்டியலை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். வாடகை வீடுகளைப் பற்றி நாலு வரியாவது எழுதியிருந்த இன்னொரு பட்டியலை உறையில் இட்டாள்.

திங்கட்கிழமை, தவநாயகி அளவு கொடுக்க நின்றபோது பூரணி அதை அப்படியே சொன்னாள்.

வாசலில் நின்ற தயாளினி சிரித்தாள். "வோட்டு இரகசியமெல்லோடி? கேக்காமலே சொல்லுறாய். அதுதான் எனக்குச் சந்தேகமாக் கிடக்கு."

"என்ரை வோட்டெண்டால் இரகசியம். உங்கடையும் உள்ளுக்கை கிடந்தால் சொல்லத்தானே வேணும்?"

தவநாயகி தூக்கிய கையோடு திரும்பினாள். "அந்தப் பட்டியலிலை முதலா நிக்கிற மனிசனுக்கோ போட்டனீங்கள்? உங்களுக்கென்ன விசரே அக்கா? எங்கட பக்கத்து பஸ்ஸை நிப்பாட்டேக்கை வாயே திறக்காத ஆள்! என்னட்டை விட்டிருந்தால் செத்தாலும் அவருக்குப் போட்டிருக்க மாட்டன்."

"அதுதான் பிள்ளை. உன்னட்டைத்தான் விட்டிருக்கவேணும்."

"கதையை மாத்தாதையுங்கோ! அந்தாளின்ரை மற்றக் கூத்துத் தெரியுமே உங்களுக்கு?"

அளவு நாடா தோளில் நிற்காமல் வழுக்கியது. பூரணி அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

"தெரியாது. சொல்லு."