மதிலுக்கு அந்தப் பக்கம் போன கிழங்கு

போன ஞாயித்துக்கிழமை கடப்பாரையோட தோட்டத்துல நின்னப்பதான் தெரிஞ்சது... இத்தனை நாள் நான் வளர்த்தது எனக்கு இல்லைன்னு!

எதைச் சொல்றேன்? தண்ணீர்விட்டான் கொடியை. மெல்லிசா பாசி மாதிரி இலை, கொக்கி மாதிரி முள்ளு, மண்ணுக்குள்ள விரல் விரலா கொத்துக் கிழங்கு. ஸ்ரீமுஷ்ணம் பக்கம் காட்டுல தானா கிடக்குறதை என் தம்பி வேரோட கொண்டாந்து, "ரெண்டு வருஷம் விட்டுடுக்கா, அப்புறம் தோண்டு"ன்னான். திருப்பாதிரிப்புலியூர்ல எங்க வீட்டுல இருக்கிறதே கையகல இடம். மதில் ஓரமா நட்டேன்.

கொடி சும்மா இருக்குமா? மதில் ஏறி, பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா துணி காயப்போடுற கயித்தைப் பிடிச்சுது. ஞாயிறு பூசைக்குக் கட்டுற பட்டுப்புடவை — டர்ர்ர்! "வெட்டுடி அதை"ன்னாங்க. "மாட்டேன்"னு நானும் எகிறினேன். அவ்ளோதான், பேச்சு நின்னுபோச்சு. கிறிஸ்துமஸுக்குத் தவறாம வர்ற கேக் தட்டும் வரல. கேக்கை விடுங்க... காலையில மதில்மேல கையை ஊனிக்கிட்டு அவுங்க பேசுற பேச்சு இல்லாம எனக்குக் காப்பியே இறங்கல.

இப்பத் தோண்டினா, எங்க பக்கம் சுண்டுவிரல் கணக்கா நாலே நாலு. மத்ததெல்லாம் மதிலுக்கு அடியில புகுந்து, அவுங்க வாழைக்கு விடற தண்ணியத் தேடிப் போயிடுச்சு. என்ன பண்றது? கிழங்கை விடறதா, வீராப்பை விடறதா?

போய்க் கதவைத் தட்டினேன்.

"உங்க முள்ளுக்கு என் புடவை. உங்க கிழங்குக்கு என் மண்ணா?"ன்னாங்க. முகம் உர்ருன்னுதான் இருந்துச்சு. ஆனா அவுங்களே போய் மம்முட்டியை எடுத்தாந்தாங்க.

வாழையடியில... ஆத்தாடி, முறம் கொள்ளல! ரெண்டு பேரும் உட்கார்ந்து தோலை உரிச்சு, நடு நரம்பை உருவி, பால்ல வேகவெச்சு, பனங்கற்கண்டு போட்டோம். முதல்ல லேசா கசப்பு, அப்புறம் இனிப்பு. "இதுக்காடி இவ்ளோ ரகளை?"ன்னு இன்னொரு கிண்ணம் ஊத்திக்கிட்டாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. புகை பட்டுடுச்சுன்னு சொல்லிச் சமாளிச்சேன். கேஸ் அடுப்புல ஏது புகை?

வேரோட அடிக்கட்டையைத் திரும்ப நட்டா மறுபடி தழைக்கும். எங்க நடறது?

"உன் பக்கமே நடு. முள்ளு உனக்கு, கிழங்கு எனக்கு."

"அதெப்படி? பாதிப் பாதி!"

இன்னும் முடிவாகல. தினம் காலையில மதில் பக்கம் நின்னு சண்டை போட்டுக்கிட்டிருக்கோம்... நிம்மதியா இருக்குங்க!