பந்தியில் உட்காராத மாமன்

சமைக்கத் தெரியாத ஒருவன் சமைக்காத உணவுக்கு மாறியதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்து ஓடுகிற குழுவில் என்னை ஏதோ முனிவரைப் போலப் பார்த்தவர்கள் உண்டு. நானும் மறுக்காமல் தாடையைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். நடந்தது இதுதான்: பேரன் பிறந்ததும் மனைவி பெங்களூருக்கு, மகன் வீட்டுக்குப் போனாள். மூன்று மாதத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். மருமகளுக்கு வேலை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, மூன்று மாதம் மூன்று வருடமாகிவிட்டது. சிங்காநல்லூர் வீட்டில் நானும் ஒரு கேஸ் அடுப்பும் மிஞ்சினோம். அந்த அடுப்போடு எனக்கு ஒத்துவரவில்லை.

முதலில் ஓட்டல் சாப்பாடு. இரண்டே மாதத்தில் வயிறு கெட்டது, இடுப்பு பெருத்தது. டாக்டர் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு நடக்கச் சொன்னார். குளத்துக் கரையில் நடந்தேன். நடப்பதற்கு எனக்குப் பொறுமை போதாது, அதனால் ஓடினேன். ஓட ஆரம்பித்த பிறகு வீட்டுக்குத் திரும்ப அவசரமே இல்லை என்பது புரிந்தது. அங்கே யார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்? ஐந்து கிலோமீட்டர் பத்தாயிற்று, பத்து இருபதாயிற்று. எனக்குச் சின்னதாக ஒரு லேத் பட்டறை உண்டு. அங்கே வேலை செய்கிறவர்கள், "ஓனருக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க" என்று பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் யூடியூபில் ஒருவர், பச்சையாகவே எல்லாவற்றையும் தின்று நூறு கிலோமீட்டர் ஓடுவதாகச் சொன்னார். அடுப்பே வேண்டாம் என்றார். எனக்கு வேறென்ன வேண்டும்! முந்தின நாளே நிலக்கடலையும் பச்சைப்பயறும் ஊறப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. அதோடு அரை மூடித் தேங்காய், ஐந்தாறு பூவன்பழம், வெள்ளரிக்காய். நீண்ட ஓட்டத்துக்குப் பேரீச்சம்பழம். கொட்டையை எடுத்துவிட்டு உள்ளே இரண்டு கல் உப்பு வைத்து மூடி இடுப்புப் பையில் போட்டுக்கொள்வேன், ஆறு கிலோமீட்டருக்கு ஒன்று. இதெல்லாம் ஒரே நாளில் வந்த ஞானம் இல்லை. முளைகட்டிய பயறை ஒரு கிண்ணம் நிறையத் தின்றுவிட்டு ஓடின அன்று, ஒண்டிப்புதூர் தாண்டுவதற்குள் வயிறு இரைந்து, ஒரு பெட்ரோல் பங்கில் கழிவறைச் சாவிக்காகக் கெஞ்சி நின்றேன். அதற்குப் பிறகு ஓடும் முன் பழம் மட்டும், பயறெல்லாம் ஓடி முடித்து வந்த பிறகு. வெல்லம் காய்ச்சியது, ஆகவே கூடாது. அவல் கூடுமா கூடாதா என்று எனக்கு நானே ஒரு வாரம் வாதாடி, கூடாது என்று தீர்ப்புச் சொன்னேன். வீட்டில் வேறு யாரும் இல்லாததால் அப்பீலும் இல்லை.

உடம்பு லேசானது உண்மை. ஆனால் ஒன்றை யாரும் யூடியூபில் சொல்லவில்லை. சாப்பாட்டை மாற்றினால், நம்மோடு சேர்ந்து உட்கார ஆள் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்ததும் குழுவில் எல்லோரும் ஒரு மெஸ்ஸுக்குப் போய்ப் பொங்கல், வடை, காபி என்று உட்கார்ந்துவிடுவார்கள். நானும் போய் என் டப்பாவைத் திறந்து ஊறின கடலையை மென்றுகொண்டிருப்பேன். பரிமாறுகிறவர் ஒவ்வொரு வாரமும், "ஏனுங்க, ஒடம்புக்கு ஏதாச்சும் ஆவாதுங்களா?" என்று அக்கறையாகக் கேட்பார். மேசையில் இருப்பவர்கள் வடையைக் கையில் வைத்துக்கொண்டு சங்கடப்படுவார்கள். அவர்களைச் சங்கடப்படுத்துவானேன் என்று நாலைந்து வாரத்தில் நேராக வீட்டுக்கு வர ஆரம்பித்தேன். யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நான் எதிர்பார்த்தேன், அதுதான் வெட்கக்கேடு.

விடாமல் கேட்டவள் ஒருத்தி உண்டு, என் தங்கை. எனக்கு அவள் ஒருத்திதான். சூலூர் தாண்டிப் பல்லடம் போகும் வழியில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு ஊரில் அவளும் அவள் கணவரும் கோழிப் பண்ணை வைத்திருக்கிறார்கள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு போன் வரும். "ஏனுங்ணா, சாப்டாச்சுங்களா?" அவ்வளவுதான் விஷயம். நான் உடனே பிரசங்கத்தை ஆரம்பித்துவிடுவேன்.

"வேக வெச்சதெல்லாம் செத்த சாப்பாடு, அம்மணி."

"ஆமாங்ணா. செத்ததைத் தின்னுபோட்டுத்தான் நாங்க இத்தனை நாளா உசுரோட இருக்கறோம்" என்பாள்.

சிரித்துவிட்டு போனை வைப்போம். நாள் முழுக்கப் பட்டறைச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசுகிறவன் நான். சாதாரணக் குரலில் பேசுவது அந்த ஐந்து நிமிடம்தான்.

அவளுடைய மகளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை கல்யாணம். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு முதல் முழு மாரத்தான், நாற்பத்திரண்டு கிலோமீட்டர். எட்டு மாதமாக அதற்காக ஓடியிருந்தேன். நான் தாய்மாமன், ஒரு குறையும் வைக்கவில்லை. சீர்த்தட்டெல்லாம் வரிசையாகக் கொண்டுபோய் இறக்கினேன். பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தேன். தாலி ஏறும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பந்திக்குக் கூப்பிட்டபோதுதான், "நீங்க உக்காருங்க, நான் அப்புறம் உக்கார்ரேன்" என்று நழுவினேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் எனக்குத் தெரியாதா? சம்பந்தம் பேசப் போனால், பேச்சு முடியும்வரை எதிர் வீட்டில் தண்ணீருக்கு மேல் எதையும் தொடமாட்டோம். சம்மதம் என்றால்தான் கை நனைப்போம். சாப்பிட்டுவிட்டால் அந்தப் பேச்சை யாரும் மாற்றக் கூடாது. இந்தத் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோது, முதல் வாய் சோற்றை எடுத்து வைத்துச் சம்மதம் சொன்னவனே நான்தான். அப்படிப்பட்டவன் அன்றைக்கு இதையெல்லாம் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. என் தலைக்குள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இருந்தது. பந்தியில் உட்கார்ந்தால் ஒருத்தர் சாம்பார் ஊற்றுவார், ஒருத்தர் நெய் ஊற்றுவார், மறுத்தால் ஊரே வந்து ஏன் என்று கேட்கும். எதற்கு வம்பு என்று மண்டபத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்த என் காருக்குப் போய், கண்ணாடியை ஏற்றிவிட்டு, டப்பாவைத் திறந்தேன்.

வாய் நிறையத் தேங்காயை அடைத்திருந்த சமயம் பார்த்து, யாரோ கண்ணாடியைத் தட்டினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. "ஏனுங்க, வண்டியக் கொஞ்சம் பின்னால எடுத்தீங்கன்னா நாங்க போயிக்குவமுங்க" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அட, பொண்ணோட மாமங்களா!" என்றார். மாப்பிள்ளையின் சித்தப்பா. மடியில் இருந்த கடலையை ஒரு முறை பார்த்தார், மண்டபத்தை ஒரு முறை பார்த்தார். வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நான் தலையை மட்டும் ஆட்டினேன். வண்டியை எடுத்தவன், திரும்ப உள்ளே போகாமல் அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஓட்டத்துக்கு முன்னால் ஓய்வு முக்கியம் அல்லவா?

அன்று சாயங்காலம் போன் வரவில்லை. கல்யாணக் களைப்பு என்று நினைத்தேன். சனிக்கிழமையும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓடினேன். இருபத்தெட்டாவது கிலோமீட்டரில் கால் இரண்டும் என் பேச்சைக் கேட்பதை நிறுத்தின. பேரீச்சம்பழத்தை வாயில் அடக்கிக்கொண்டு, நடந்தும் ஓடியும் முடித்தேன். கழுத்தில் மெடலைப் போட்டார்கள். சுற்றி எல்லோரும் குடும்பத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் தன் அப்பாவின் ஷூவைக் கழற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் நடைபாதை ஓரமாக உட்கார்ந்து மனைவிக்கு போன் செய்தேன். பின்னால் பேரன் வீரிட்டு அழுதான். "நல்லதுங்க, அப்புறமாக் கூப்புடறேன்" என்றாள். தங்கைக்கு அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மூன்று முறை அடித்தேன். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடியதைச் சொல்ல இந்த உலகத்தில் எனக்கு இன்னொரு ஆள் இல்லை என்று அங்கே உட்கார்ந்துதான் கண்டுபிடித்தேன். அழுகையாக வந்தது. வியர்வை என்று யாராவது நினைத்திருப்பார்கள்.

மறுநாள் தங்கையின் கணவர்தான் கூப்பிட்டார். மனுஷன் தயங்கித் தயங்கிப் பேசினார். "சம்பந்தி ஊட்டுல உங்களுக்காகப் பக்கத்து எலையைப் போட்டுக் காத்துட்டு இருந்தாங்க மச்சான். பொண்ணோட மாமனுக்கு இந்தச் சம்பந்தம் புடிக்கலீங்களான்னு கேட்டுப்போட்டாங்க."

"நான் டயட்ல இருக்கேன்னு சொல்ல வேண்டியதுதானுங்களே மாப்பிள்ளை?"

"சொன்னனுங்க. டயட்ல இருக்கறவரு கார்ல ஒக்காந்து என்னத்தைத் தின்னாருன்னு கேட்டாங்க."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. என் வாய், என் வயிறு, இதில் இவர்களுக்கு என்ன வந்தது? ஒரு மனுஷன் என்ன தின்றான் என்பதை வைத்து ஒரு சம்பந்தத்தையே எடை போடுகிற ஊர் உருப்படுமா? இப்படியெல்லாம் சுவரைப் பார்த்து நன்றாகச் சண்டை போட்டேன். சுவர் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு மாதம் அந்தக் கோபத்திலேயே ஓடினேன், வேகம்கூடக் கூடியது. அதற்குப் பிறகு கோபம் தீர்ந்துபோய்விட்டது. மிச்சம் இருந்தது ஏழு மணி மட்டும். அந்த நேரத்துக்கு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் பட்டறையிலேயே ஏதாவது உருட்டிக்கொண்டிருப்பேன். சில நாள் யாரோடும் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே அந்த நாள் முடிந்துவிடும். அவளை இழந்துவிட்டால் அப்புறம் நான் சாப்பிட்டேனா செத்தேனா என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை. அந்தப் பயம் வந்துவிட்டது.

ஐந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை தங்கையின் கணவரைக் கூப்பிட்டு, நாளைக்கு வருகிறேன், தங்கையிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். போய் அவள் கையால் வயிறு முட்டச் சோறு தின்றுவிடுவது, அதோடு சண்டை தீர்ந்தது என்பதுதான் திட்டம். நன்றாகப் பசிக்க வேண்டும் என்று ஓடியே போனேன். திருச்சி ரோட்டில் இருபத்திரண்டு கிலோமீட்டர். இடுப்புப் பை இல்லை, ஒரு பழம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. சூலூர் தாண்டியதும் கண் இருட்ட ஆரம்பித்தது. டீக்கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "வாங்ணா" என்றாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரையும் அவள் இப்படித்தான் கூப்பிடுவாள். அவள் கணவர் பண்ணைக்குப் போயிருந்தார். கால் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். கூடத்தில் எனக்கு வாழை இலை போட்டிருந்தது. உட்கார்ந்தேன். அவள் உள்ளேயிருந்து கொண்டுவந்து பரிமாறினாள். ஊறவைத்த நிலக்கடலை, தேங்காய்ச் சில்லு, வெள்ளரிக்காய், பழம். எல்லாம் அளவாக, சுத்தமாக. அப்புறம் ஒரு தட்டில் தனக்கு அரிசிம்பருப்புச் சோற்றைப் போட்டு, மேலே நெய் ஊற்றி எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். பூண்டும் நெய்யும் கலந்த அந்த வாசனையில் நான் என் இலையை விட்டுவிட்டு அவள் தட்டையே பார்த்தேன்.

"நான் இதைத் திங்க வரலை, அம்மணி. உன்ர சோத்தைத் திங்கத்தான் வந்தேன்."

"வேண்டாமுங்ணா. எனக்காக நீங்க எதையும் உட வேண்டியதில்லீங்."

"அப்பக் கோவம் தீரலையா?"

அவள் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள்.

"சோத்துக்கா நான் கோவிச்சேன்? நீங்க தேங்காயத் தின்னா என்னங்ணா, பச்சைப்பயறத் தின்னா என்ன? அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா, சம்பந்தி பக்கத்துல எலை போட்டு இதையே வெச்சிருப்பனுங்களே. நானே நின்னு பரிமாறியிருப்பேன். நம்மூட்டுக் கல்யாணத்துல வேத்தாளாட்டம் கார்ல போயி ஒளிஞ்சு ஒக்காந்து தின்னீங்க. எங்ககிட்டக் கேக்கோணும்னு உங்களுக்குத் தோணவே இல்லீங்களா?"

தோன்றவில்லை. அதுதான் நிஜம். அவள் கேட்ட பிறகும், அப்படிக் கேட்டிருக்கலாம் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. இத்தனை நாளாக நானே ஊறவைத்து, நானே உரித்து, நானே தின்று, யாரிடமும் எதையும் கேட்காமல் இருப்பதைப் பெரிய திறமை என்று நினைத்துத் திரிந்திருக்கிறேன். கேட்டால் கொடுப்பதற்கு ஒருத்தி இருபத்திரண்டு கிலோமீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டது தெரிந்தது.

இலையில் இருந்த தேங்காய்ச் சில்லை ஓரமாக ஒதுக்கினேன். பண்ணைப் பக்கம் கோழிகள் கத்திக்கொண்டிருந்தன.

"எனக்கும் கொஞ்சம் சோறு வேணும், அம்மணி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் இன்னொரு முறை சொன்னேன்.

"எங்க ரெண்டு பேருக்குத்தானுங்க அரிசி போட்டேன். அவுரு தின்னுபோட்டுப் போயிட்டாரு. இதான் மிச்சம்" என்றாள். பிறகு தன் தட்டை மெதுவாக என் இலைக்குப் பக்கத்தில் நகர்த்தினாள்.

"பூராத்தையும் தின்னுபோடாதீங்ணா. எனக்கும் பசிக்குது."