நடக்கும் முன்பே இனிதே நிறைவுற்றது

பாடம் நடத்துவது ஆசிரியர் வேலையில் சிறு பகுதிதான்; மீதி நேரமெல்லாம் எதையோ பற்றி யாருக்கோ அறிவிப்பு எழுதுவதில் போகிறது. குமரி மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழக ஆங்கிலத் துறையில் பேராசிரியராக இருக்கிறேன். "சாருக்கு நல்லா எழுத வரும்" என்று சொல்லி, துறையின் இணையப் பக்கத்தை என் தலையில் கட்டினார்கள். உங்கள் அலுவலகத்திலும் இப்படி யாராவது உங்களைப் பாராட்டி மாட்டிவிட்டிருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும்.

செய்தி இல்லாத வாரம்

எங்கள் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று ‘செய்திகள்’, மற்றது ‘வரும் நிகழ்வுகள்’. ஒரு நிகழ்ச்சியின் தேதி தாண்டியதும் கணினி தானாகவே அதை ‘வரும் நிகழ்வுகள்’ கட்டத்திலிருந்து எடுத்து ‘செய்திகள்’ கட்டத்தில் வைத்து, கீழே ‘இனிதே நிறைவுற்றது’ என்று ஒரு வரியும் சேர்த்துவிடும். நடந்ததா, நடந்தாலும் இனிதாக நடந்ததா என்று அது யாரையும் கேட்காது.

ஒரு வாரம் எழுத ஒன்றுமே இல்லை. கருத்தரங்கு இல்லை, வினாடி வினா இல்லை. இருந்த ஒரே செய்தி, நூலகத்தில் மின்விசிறி பழுது. அதைச் செய்தியாகப் போடலாமா, போட்டால் துறைக்கு அவமானமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் துறைத்தலைவரிடமே கேட்டேன். அவர் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர். கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஒண்ணும் நடக்கலைன்னா என்ன ஓய்? நடக்கப்போகுதுன்னு போடும். படிக்கிறவன் வந்தா பாக்கப்போறான்?"

நாள் முன்னால், மாதம் பின்னால்

ஜெபராணி ஆறு வருடமாக என்னிடம் ஆய்வு செய்தவர். ஆரல்வாய்மொழிக்காரர், கணவர் மஸ்கட்டில். தனியார் கல்லூரி ஒன்றில் தற்காலிக ஆசிரியை. ஜூன் மாத நேர்காணலுக்குள் முனைவர் பட்டத்தோடு வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பட்டத்துக்கு மிச்சமிருந்தது, நாங்கள் ‘வைவா’ என்று சொல்லும் வாய்மொழித் தேர்வு ஒன்றுதான். அதை ஜூன் ஐந்தாம் தேதி வைத்துக்கொள்வதாக முடிவானது. நேர்காணல் அதற்கடுத்த வாரம்.

வாய்மொழித் தேர்வைப் பற்றிய அறிவிப்பு பதினைந்து நாளாவது ‘வரும் நிகழ்வுக’ளில் இருக்க வேண்டும் என்பது விதி. மே மாத நடுவிலேயே எழுத உட்கார்ந்தேன். தேதியை எண்ணில் போடுவதா, மாதத்தின் பெயரை எழுதுவதா என்று எனக்குக் குழப்பம். எங்கள் தலைவருக்கு அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. அவர் பிரிட்டிஷ் ஆங்கிலத்தின் கடைசிக் காவலர். ‘கலர்’ என்ற சொல்லில் ‘யு’ இல்லாவிட்டால் விடைத்தாளைச் சுழித்துவிடுவார். சட்டென்று சொன்னார்: "எண்ணுலயே போடும். நாள் முன்னால, மாசம் பின்னால. உலகமே தப்பா எழுதினாலும் இங்கிலீஷ் டிப்பார்ட்மென்ட் தப்பா எழுதக்கூடாது ஓய்."

முதல் வாழ்த்து

ஐந்து, ஆறு என்று தட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். கணினி அமெரிக்க வழக்கம் பழகியது. அதற்கு முதல் எண்தான் மாதம். ஆகவே அது ஜெபராணியின் தேர்வை மே மாதம் ஆறாம் தேதி என்று எடுத்துக்கொண்டு, அந்த நாள்தான் போய்விட்டதே என்று அப்போதே ‘செய்திகள்’ கட்டத்துக்கு நகர்த்தி, ‘இனிதே நிறைவுற்றது’ என்று முத்திரையும் வைத்துவிட்டது.

மஸ்கட்டில் கணவர் அதைப் பார்த்தார். மனைவி தன்னை ஆச்சரியப்படுத்த மறைத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக் குடும்பத்தின் வாட்ஸப் குழுவில் போட்டார். மாமியார் போதகரிடம் சொன்னார். மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெபராணி தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, சபையார் எழுந்து நின்று ஆண்டவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். மத்தியானம் எனக்குப் போன் வந்தது. ஒரு கணம் எனக்கே சந்தேகம். ஐம்பத்தாறு வயதில், நடந்த ஒன்றை நான் மறந்துவிட்டேனோ என்று டைரியைப் புரட்டினேன். ஜெபராணி அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை: "சார், எனக்க வைவா நல்லபடியா முடிஞ்சிட்டாம். சர்ச்சுல ஸ்தோத்திரமும் சொல்லியாச்சு. நான் எப்ப சார் வந்தேன்?"

தேர்வாளர் பார்த்த செய்தி

தேர்வு நடத்த வரவேண்டியவர் கோழிக்கோட்டுப் பேராசிரியர். அவரும் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டார். தனக்குப் பதில் வேறொருவரை வைத்து முடித்துவிட்டார்கள் என்று எண்ணி ரயில் டிக்கெட்டை ரத்துசெய்துவிட்டார். நான் அழைத்து, தேதியில் சிறு பிழை, தேர்வு இன்னும் நடக்கவில்லை, ஆனால் நடந்ததாக இருக்கிறது என்று விளக்கினேன். பேசப் பேச எனக்கே நான் சொல்வது பொய் மாதிரி கேட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘முடிந்தது’ என்பதைக் ‘கழிஞ்ஞது’ என்னும் தன் மலையாளத்தில், வருத்தத்தோடு ஒரே கேள்வி கேட்டார்: "அப்போ சாரே, ஞான் வராதெ கழிஞ்ஞதோ, அதோ ஞான் வந்நு கழிஞ்ஞதோ?"

யார் செய்தது?

பக்கத்தைத் திருத்திவிட்டேன். ஆனால் திருத்திய நாளிலிருந்து பதினைந்து நாள் எண்ணினால் நேர்காணல் போய்விடும். ஆய்வுப் பிரிவுக் கண்காணிப்பாளர் சுயம்புலிங்கம் ஒரு வழி சொன்னார். முதலில் பதிந்த நாளையே கணக்கில் எடுக்க வேண்டுமானால், பதிந்தவர் பிழையை ஒப்புக்கொண்டு எழுதித் தர வேண்டும். அந்தக் கடிதம் அவருடைய பணிக் கோப்பில் இருக்கும்.

தலைவர், "டெக்னிக்கல் எரர்னு எழுதும் ஓய்" என்றார். அவர் சொல்லித்தான் எண்ணில் போட்டேன் என்று எழுதலாமா? அது உண்மை. தட்டியது என் விரல் என்பதும் உண்மை. ஒரு மாலை முழுக்க யோசித்து, ‘தேதி பதியப்பட்டதில் ஒரு பிழை நேர்ந்துவிட்டதாக அறியப்படுகிறது’ என்ற பொருளில் அழகான ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். சுயம்புலிங்கம் அதை இரண்டு முறை படித்தார். "தப்பு நடந்துட்டுன்னு இருக்கு சாரே. செஞ்ச ஆளக் காணல்லியே?" என்றார். அது செயப்பாட்டு வினை, ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதுவது வழக்கம் என்றேன். "ஜெபராணி டீச்சரு நேத்தும் வந்து அந்தப் பெஞ்சுலதான் இருந்தாவ" என்று வாசலைக் காட்டி மட்டும் சொன்னார்.

முப்பது வருடம் பிள்ளைகளின் பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்ட எனக்கு, ‘நான்’ என்று தொடங்கி ஒரு பிழையை எழுதக் கை வரவில்லை. எழுதினேன். நான் தேதியைத் தவறாகப் பதிந்தேன்; ஆங்கிலத்தில் ஐந்தே சொற்கள். சுயம்புலிங்கம் வாங்கி முத்திரை குத்தினார்: "இப்பதான் சாரே உங்க இங்கிலீசு எனக்குப் புரியுது."

காற்றாலைப் பக்கம்

தேர்வு நாள் காலை பத்து மணி. தேர்வாளர் ரயிலில் வந்து நாகர்கோவிலில் இறங்கிவிட்டார். எப்போதும் ‘வைவா’ என்றே சொல்லும் நான், அவரை அழைத்துவரப் போன டிரைவருக்குப் புரியட்டும் என்று அன்றைக்கு மட்டும் தமிழில், "சாரை நேரா வாய்மொழிக்குக் கூட்டிட்டு வாங்க" என்று போனில் சொன்னேன். பத்தேகால் ஆயிற்று, பத்தரை ஆயிற்று, ஆளைக் காணோம். ஜெபராணி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவரை அழைத்தால், நீங்கள் சொன்ன வாய்மொழியில்தான், ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளுக்கு நடுவில் நிற்கிறோம் என்கிறார். போனை வாங்கித் தேர்வாளர் பேசினார். பின்னால் காற்று இரைய, காற்றாலைகளின் அழகை மெச்சிவிட்டு இடத்தைக் கேட்டார்: "காற்றாடியெல்லாம் நல்ல பங்கியுண்டு, சாரே. பக்ஷே யூனிவர்சிட்டி எவிடெ?"

பங்கு

பதினொன்றரைக்குத் தேர்வு தொடங்கியது. ஒரு மணி நேரம் நின்றபடியே ஜெபராணி பதில் சொன்னார். இரண்டு கேள்விகளுக்கு எனக்கே விடை தெரியாது. தேர்வாளர் எழுந்து, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள்; ஏற்கெனவே தெரிந்த செய்திக்கு எவ்வளவு தட்டுவார்களோ அவ்வளவு. வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

மறுவாரம் வேலை உறுதியானதைச் சொல்ல ஜெபராணி துறைக்கு வந்தார். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்தானே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று இன்னமும் தெரியவில்லை. "ஒரே காரியத்துக்கு ஆண்டவருக்கு ரெண்டு தடவ ஸ்தோத்திரம் சொல்லணுமான்னு அத்தை கேக்குதாவ சார்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது: "அன்னைக்கே எல்லாரும் சந்தோஷப்பட்டு முடிச்சிட்டாவ. எனக்குன்னு கொஞ்சம் மிச்சம் வைக்கல்ல."

காலம் மூன்று என்று முப்பது வருடம் பாடம் நடத்தியவன் நான். மன்னிப்புக் கேட்கும் காலம் என்று நான்காவதாக ஒன்று இருப்பதையும், அது எப்போதும் தாமதமாகவே வரும் என்பதையும் இந்த வேலையில்தான் படித்தேன்.