டி.வி. மேல் இருந்த கோல்ஃப் கப்

எங்கள் வீட்டு டி.வி. மேல் கொஞ்ச காலம் ஒரு கப் இருந்தது. நான் கோல்ஃபில் ஜெயித்தது. நிஜமாகவே ஜெயித்தாயா என்று அழுத்திக் கேட்டால், இன்றைக்கும் சத்தியமாக எனக்குத் தெரியாது.

அப்போது தொண்ணூறுகளின் கடைசி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வங்கி உத்தியோகத்தில் புனேக்கு வந்து, விமான் நகரில் குடியிருந்தோம். எங்கள் மேலதிகாரி ஞாயிறு தவறாமல் ஏரவாடாப் பக்கம் கோல்ஃப் ஆடப் போவார். அவருடைய கூட்டாளிகளில் ஒருவருக்கு மாற்றல் வந்துவிட்டது. ஆள் குறைகிறது என்று என்னைப் பிடித்துக்கொண்டார். மேலதிகாரி கூப்பிட்டு மாட்டேன் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

போன முதல் நாளே குழப்பம். மட்டைப் பை தூக்குகிறவரைக் கேடி என்றார்கள். எங்கள் ஊரில் கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷன் சுவரில் போட்டோ மாட்டியிருப்பார்கள். இங்கேயோ அந்த மனுஷர்தான் நான் தொலைத்த பந்தையெல்லாம் புதருக்குள் இறங்கித் தேடி எடுத்துக் கொடுத்தார்.

அதைவிடப் பெரிய குழப்பம் ஹேண்டிகேப். கோல்ஃபில் குறைச்ச அடியில் ஆட்டத்தை முடிக்கிறவன்தான் கெட்டிக்காரன். ஆனால் என்னை மாதிரி கத்துக்குட்டிக்கு இருபத்துநாலு அடி சலுகை உண்டாம். நான் அடித்த மொத்தத்தில் இருபத்துநாலைக் கழித்துவிடுவார்கள். மேலதிகாரிக்குச் சலுகை வெறும் பத்துதான். "எல்லாரும் ஒரே இடத்திலிருந்தா கிளம்பறோம்? அதைச் சரிக்கட்டினால்தானே அது நியாயமான ஆட்டம்!" என்று இங்கிலீஷில் எனக்கு விளக்கினார். அடடா, என்ன நல்ல மனசு என்று நினைத்தேன்.

ஆட்டம் முடிந்து கிளப் வராந்தாவில் டீயும் சாண்ட்விச்சும் வந்தன. டீ ஆறுவதற்குள் அதே மனுஷர், "இந்த நாட்டைக் கெடுத்ததே கோட்டாதான். தகுதி ஒன்றுக்குத்தான் மரியாதை இருக்கணும்" என்று மேஜையைத் தட்டினார். எங்களோடு ஆடிய மற்ற இருவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவர் அதற்குச் சற்று முன்னால்தான் தன் ஹேண்டிகேப் பதினாலா பதினைந்தா என்று தொண்டை வறளச் சண்டை போட்டவர். எனக்குச் சிரிப்பு வந்து டீ புரையேறிவிட்டது.

சில மாதம் கழித்து ஒரு போட்டி. மேலதிகாரி என்னைவிட ரொம்பக் குறைச்ச அடியில் முடித்தார். கழித்துப் பார்த்தால் நான்தான் முதல்! அவரே கப்பை என் கையில் கொடுத்து, "முழுக்க முழுக்க உங்களுக்குத் தகுதியான வெற்றி" என்றார். பெருமை தாங்காமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

என் வீட்டுக்காரி கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னங்க, அவரு உங்களவிட நல்லா ஆடுனாரா?"

"ஆமா."

"அப்ப நீங்க ஜெயிச்சீகளா, தோத்தீகளா?"

"ஜெயிச்சேன்னுதானே கப்பு குடுத்திருக்காங்க!" என்று எரிந்து விழுந்தேன். அவள் அதை டி.வி. மேல் வைத்துவிட்டாள்.

அடுத்த வாரமே கிளப்பில் என் இருபத்துநாலை இருபதாக்கிவிட்டார்கள். ஜெயித்துவிட்டால் சலுகையைக் குறைப்பதுதான் விதியாம். இதென்ன அநியாயம் என்று வராந்தாவில் எகிறினேன். மேலதிகாரி என் தோளைத் தட்டி, "முன்னேறிட்டீங்க, சந்தோஷப்படுங்க. கிளப்பில் குடுத்த இந்தக் கார்டை எடுத்துக்கிட்டு ஊட்டிக்கே போனாலும் உங்க ஹேண்டிகேப் செல்லும்" என்று சமாதானம் சொன்னார்.

அந்தக் கோடையில்தான் என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். புனேயிலேயே கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கணும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நல்ல மார்க்தான், ஆனால் பொதுப் பிரிவுக்குக் கொஞ்சம் குறைந்தது. ஊரில் வாங்கிய பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு அட்மிஷன் கவுண்டருக்குப் போனோம். அங்கிருந்த அம்மாள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இது உங்க ராஜ்யத்துக்குத்தான் சார். இங்கே நீங்க ஓப்பன், பொதுப் பிரிவு" என்று இந்தியில் மரியாதையாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் மகள் தன் அரைகுறைத் தமிழில் கேட்டாள். "மத்லப், அதாவது நம்ம ஊர்ல நாம பேக்வர்டு. ட்ரெயின் சோலாப்பூர் தாண்டி வந்ததும் முன்னேறிட்டமாப்பா?"

சிரித்தேன். சிரித்த கையோடு சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்தேன். கோல்ஃப் சலுகை ஊட்டி வரைக்கும் செல்லுகிறது. இது மட்டும் மகாராஷ்டிரா எல்லையில் இருக்கிற சோலாப்பூரைத் தாண்டாதாம்!

விஷயம் மேலதிகாரி காதுக்குப் போனது. "இதுக்கா கவலைப்படறீங்க? என் பையனை மேனேஜ்மென்ட் கோட்டாவில்தானே சேர்த்தேன். ஒரு போன் போட்டால் போதும், பணத்துக்கு மட்டும் ஏற்பாடு பண்ணிக்கோங்க" என்றார். கோட்டா! அந்த வார்த்தை அவர் வாயில் எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? வேண்டாம் சார் என்று கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். ஆத்திரத்தில் சொன்னேனா, கையில் பணமில்லாமல் சொன்னேனா என்று கேட்காதீர்கள்.

மிச்சம் இருந்தது தமிழ்நாட்டு கவுன்சலிங். அங்கே சான்றிதழ் செல்லும். அவள் மார்க்குக்குக் கம்ப்யூட்டர் நிச்சயம். ஆனால் மகள் முரண்டு பிடித்தாள். "அப்பா, கோல்ஃப்ல நீங்க ஜெயிச்சதும் குறைச்சிட்டாங்கல்ல? வோ தோ டீக் ஹை, அது சரிதான். அப்ப நமக்கும் குறைக்கணும்தானே? நான் இங்கிலீஷ் மீடியம். அங்க கிராமத்து ஸ்கூல்ல படிச்ச பொண்ணு ஒருத்தி வருவால்ல, அவளோட சீட்டை நான் எதுக்கு எடுக்கணும்?"

என் வீட்டுக்காரி கரண்டியோடு வந்துவிட்டாள். "ஏண்டி, உங்க தாத்தா மில்லுல மூட்டை தூக்குனப்ப எவன்டி வந்து சலுகை குடுத்தான்? ஒரு தலைமுறை நாக்காலில உக்காந்ததும் எல்லாம் சரியாப் போச்சாக்கும்?"

மகள் சொன்னதும் நியாயமாகப்பட்டது. இவள் சொன்னதும் நியாயமாகப்பட்டது. இருவரும் என்னையே பார்த்தார்கள். கோல்ஃபாக இருந்தால் கழித்துச் சொல்ல ஒரு கமிட்டி இருக்கிறது, எனக்கு யார் இருக்கிறார்கள்? "டிக்கெட் போட்டாச்சு, போயிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்தேன். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவும் மகளும் கிளம்பிப் போனார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே போன் அடித்தது. மகள்தான். பின்னால் ஒரே இரைச்சல்.

"அப்பா, சோலாப்பூர் பிளாட்ஃபார்ம் பூத்லேர்ந்து பேசறேன். இதுக்கு அப்புறம் பார்டர். நீங்க ஒண்ணுமே சொல்லலியே. போகட்டுமா, இறங்கட்டுமா? நீங்க எது சொன்னாலும் ஓகே. ஆனா நீங்கதான் சொல்லணும்."

போனுக்குப் பக்கத்திலேயே டி.வி. அதன் மேல் கப். என் அப்பாவின் தோளில் மூட்டை அழுத்தி அழுத்தி ஏறிய காய்ப்பு ஞாபகம் வந்தது. மகள் சொன்ன அந்த முகம் தெரியாத கிராமத்துப் பெண்ணும் கூடவே வந்து நின்றாள். "ஏட்டி, போனை வைடி, வண்டி கெளம்பப் போவுது!" என்று என் வீட்டுக்காரி அங்கே கத்துவது கேட்டது.

"போம்மா" என்றேன்.

"சரிப்பா" என்றாள். "அப்ப டி.வி. மேல இருக்கற கப்பை எடுத்து உள்ள வெச்சிடுங்க. ஜெயிச்சதும் சலுகையைக் குறைக்கற ஆட்டத்தோட கப்புதானே அது."

கிண்டலா, கோபமா, குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. லைன் போய்விட்டது.

கப்பை எடுத்தேன். வீட்டில் ஒரு ஈ காக்கை கிடையாது. யார் கண்ணிலிருந்து ஒளிக்கிறேன் என்று எனக்கே புரியாமல், பீரோவைத் திறந்து புடவைகளுக்கு அடியில் அதைத் தள்ளிவிட்டுப் பூட்டினேன்.