பதினான்காம் எண் சீட்டு

யார் சட்டையை நீட்டினாலும் அவள் முதலில் அதன் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பாள். கடையில் புதுத்துணி எடுக்கும்போதும் அப்படித்தான். விருந்தாளியின் சட்டை கொடியில் காய்ந்தாலும் அப்படித்தான். சட்டைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் செக்கராக நின்ற கை. தையல் விட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை.

மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதே மூத்தவள்தான். அம்பு ஒட்டவும், சட்டையின் இடது கை மேலே வருகிற மாதிரி மடிக்கவும் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். ஆறே வருடத்தில் தையல்காரர்கள் எல்லாரும் இளையவள் பக்கம் ஒதுங்கினார்கள். தப்பைக்கூட மனம் நோகாமல் சொல்கிறாளாம். கேட்கக் கேட்க மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

இளையவள் ஒரு பிசிறை விட்டுவிட்டால், அவளுக்கு வேலையில் அக்கறை போதாது என்பாள். தானே விட்டால் அன்றைக்கு விளக்கு மங்கல், இல்லையென்றால் தலைவலி. காஜா போடுகிறவர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"அவ விட்டா கவனமில்ல, நீங்க விட்டா கரண்ட் இல்லையா?"

மேஜையே சிரித்தது. இளையவளும் சிரித்தாள். அதுதான் ஆறவில்லை.

தலைமைச் செக்கர் ஓய்வு பெற்றதும் அவருடைய நாற்காலி காலியானது. அந்தத் தளத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க இருந்த ஒரே இடம். யாருக்குக் கொடுப்பது என்று பார்க்க, ஏற்கனவே சோதித்து அனுப்பிய கட்டுகளில் ஆளுக்கு ஒன்றை எடுத்துப் போட்டு, மறுபடி பார்க்கச் சொன்னார் மானேஜர். சோதித்தவர் எண் போட்ட சீட்டு அடிச்சட்டைக்குள் இருக்கும்.

கட்டைப் பிரித்ததுமே மூத்தவளுக்குத் தெரிந்துவிட்டது. இடது கை மேலே. இளையவள் மடிப்பு. அந்த மடிப்பு யாரிடமிருந்து போனது என்பது அப்போது நினைவில் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். முப்பது சட்டையில் பதினோரு அம்பு. ஒவ்வொன்றையும் ஒட்டும்போது நெஞ்சுக்குள் இனித்தது. கடைசிச் சட்டையைத் தூக்கினாள். சீட்டில் பதினான்கு என்று இருந்தது. அவளுடைய எண்.

சீட்டை உள்ளங்கைக்குள் மூடுவதற்கும் இளையவள் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. அம்புகளைப் பார்த்து அவள் முகம் சுண்டிப்போனது.

"என் கட்டாக்கா?"

"மடிப்பைப் பாரேன், நீயே."

இளையவள் பார்த்தாள். பிறகு நேராக மானேஜரிடம் போனாள்.

"பதினொண்ணு விட்டிருக்கேன் சார். நாற்காலி அக்காவுக்குக் குடுக்குறதுதான் நியாயம்."

சீட்டை அதற்குமேல் யாரும் தேடவில்லை.

நாற்காலி வந்தது, எரிச்சல் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால், இளையவளைச் சுற்றித்தான் இன்னும் ஆட்கள் நின்றார்கள். அவளோ அன்றிலிருந்து ஒவ்வொரு சட்டையையும் இரண்டு தடவை பார்த்தாள். தன் கண்ணை நம்ப முடியவில்லை என்று வீட்டில் புருஷனிடம் சொன்னதாக மூத்தவள் காதுக்கும் வந்தது. சொல்லிவிடலாம் என்று சில நாள் நினைத்தாள். நாளாக ஆக, அந்தக் கட்டில் இளையவளுடைய சட்டைகளும் நாலைந்து கலந்திருக்கும் என்று தோன்றியது. பிறகு பாதி என்று தோன்றியது. அப்படித் தோன்றும்போதெல்லாம் பர்ஸைத் திறந்து சீட்டைப் பார்ப்பாள். பதினான்கு என்றே இருக்கும்.

ஏழு வருடம் கழித்து மூத்தவள் வேலையிலிருந்து நின்றாள். நாற்காலி இளையவளுக்கு. அக்கா கண் தனக்கு வராது என்று அவள் எல்லார் முன்னாலும் சொன்னாள். மூத்தவள் வாயைத் திறந்தாள்.

"சாயுற எடத்துல ஒரு ஆணி துருத்திட்டிருக்கு. துணி மடிச்சு வச்சுக்கோ."

இளையவள் தலையாட்டிவிட்டு முதல் சட்டையை எடுத்தாள். பார்த்தாள், திருப்பி மறுபடியும் பார்த்தாள். "அது என் கட்டு" என்ற மூன்று சொல்லைத் தராமலே மூத்தவள் படியிறங்கினாள். இன்னும் தரவில்லை.